ஆறு சத்தங்கள்

அத்தியாயம் 17

குடம் காலியாகிவிட்டது. கடைசிச் சொட்டும் விழுந்த பிறகும் புனிதா அதைச் சாய்த்தபடியே நின்றாள்.

எதிரே ஆறு வயதுக் கிஷாலினி தலையிலிருந்து பாவாடை வரை மஞ்சளாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது. அவளுக்குப் பின்னாலிருந்து அவள் அம்மா பவானேஸ்வரி அலறிய அலறலில், பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கிஷாலினி மட்டும் திரும்பவில்லை. சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

அப்போதுதான் புனிதாவுக்கு உறைத்தது.

மூன்று ஆண்டுகளாக ஒதுங்கியிருந்த கொழுந்தன் குடும்பம் அன்று காலைதான் ரெம்பியா மாரியம்மன் கோயிலுக்கு வந்திருந்தது. திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. பிறவியிலேயே காது கேளாத கிஷாலினிக்கு அறுவைச் சிகிச்சை என்று முடிவான காலத்தில், "பச்சப் புள்ள மண்டையைத் திறக்காதீங்க, சாமி குடுத்ததை மாத்தாதீங்க" என்று உறவினர் நிறைந்த கூடத்தில் சொன்னவள் புனிதா. கொழுந்தன் தினேஸ்வரன் அன்று மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு கிளம்பியவன்தான். கிளேபாங்கில் வீடு எடுத்துக்கொண்டான். அண்ணன் வீட்டு வாசலை அதன் பிறகு மிதிக்கவில்லை.

இன்று அவர்களாகவே வந்திருந்தார்கள். புனிதா யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், நேராகப் போய்ப் பிள்ளையின் தலையில் ஒரு குடம் மஞ்சள் நீரை ஊற்றிவிட்டாள்.

பவானேஸ்வரி ஓடி வந்து மகளின் ஈரக் கூந்தலை விலக்கினாள். காதின் மேல் பிறை வடிவில் ஒரு சிறு கருவி. அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று ஏறிப் போய்த் தலையில் காந்தம்போல் ஒட்டியிருந்த ஒரு வட்டத்தில் முடிந்தது. மண்டைக்குள் வைத்த கருவிக்கு வெளியுலகச் சத்தத்தை அனுப்புவது இதுதான். பவானேஸ்வரி அதைக் கழற்றிக் கையில் ஏந்தியபோது மஞ்சள் தண்ணீர் அவள் விரலிடுக்குகளில் வழிந்தது.

"கொஞ்சம் தூறல் பட்டாத் தாங்கும்க்கா. ஒரு கொடம் தாங்காது. ஒரு கொடம் எப்படித் தாங்கும்?" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் புனிதாவிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை.

"கொடு பவானி, இங்க கொடு!"

புனிதா அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அன்னதானக் கொட்டகைக்கு ஓடினாள். திறந்திருந்த அரிசி மூட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டுக் கருவியைப் புதைத்தாள். போன் நனைந்தால் அரிசியில் போட வேண்டும் என்று ஊரே சொல்கிறதே!

அவள் வாழ்க்கைப்பட்டது கைப்பேசி பழுதுபார்க்கும் மனிதனுக்கு. அலோர் காஜா டவுனில் அவர் கடை முகப்பில் 'நனைந்த போனை அரிசியில் போடாதீர்' என்று மூன்று மொழிகளில் ஒரு பலகை இருக்கிறது. வாராவாரம் அந்தப் பலகையை ஈரத்துணியால் துடைப்பவளும் அவள்தான். பயம் வந்த நேரத்தில் அந்தப் பலகை அவள் நினைவிலேயே இல்லை.

அவள் கணவர் கணேஸ்வரன் கொட்டகைக்குள் நுழைந்தபோது தினேஸ்வரன் கருவியை மூட்டையிலிருந்து தோண்டி எடுத்துவிட்டிருந்தான். ஈரத்தின் மேல் அரிசித் தவிடு வெள்ளையாக அப்பியிருந்தது.

"யார் இதை அரிசியில போட்டது?"

"நான்தாங்க," என்றாள் புனிதா.

கணேஸ்வரன் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கருவியின் பக்கம் திரும்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

தினேஸ்வரன் சட்டைப்பையிலிருந்து புதிய பேட்டரி அட்டையை எடுத்து, பட்டாணி அளவிலான ஒரு பேட்டரியைப் பிதுக்கினான்.

"டேய், கைய எடு!"

"வேல செய்யுதான்னு பாக்க வேணாமாண்ணே?"

"பாத்தேன்னா அதோட முடிஞ்சுது. தண்ணி மட்டும் அதைக் கொல்லாதுடா. தண்ணியோட கரண்டு சேந்தாத்தான் கொல்லும். உள்ள இருக்கிற பேட்டரிய மொதல்ல வெளிய எடு. குலுக்காத. ஊதாத. அப்படியே என் கைல கொடு."

அண்ணனும் தம்பியும் மூன்று வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். அதை நினைத்துச் சந்தோஷப்பட அங்கே யாருக்கும் நேரமில்லை.

"வீட்டுல ஈரத்த ஒணர்த்துற டிரை பாக்ஸ் இருக்கு மாமா. தெனம் ராத்திரி அதுலதான் வெப்போம்," என்றாள் பவானேஸ்வரி.

"கிளேபாங் போய்ச் சேர இன்னைக்கு ஒரு மணி நேரம் ஆகும்மா. ஞாயித்துக்கிழமை, ரோடெல்லாம் ஜேம். கடை பத்தே நிமிஷம். வா."

கிஷாலினி எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கன்னத்து வேப்பிலையை எடுத்து வாயில் போட்டுக் கடித்து, முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

*

காரில் புனிதா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். முன்னால் தினேஸ்வரனின் கார் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்கண்ணாடியில் பிள்ளையின் மஞ்சள் தலை தெரிந்தது.

"திட்டுங்க," என்றாள் கடைசியில்.

"திட்டுனாக் காஞ்சிருமா?"

"அது கெட்டுப்போச்சுன்னா?"

"வேற வாங்கணும். ஆஸ்பத்திரியில எழுதிப் போட்டு, வர்றதுக்கு மாசக்கணக்கா ஆகலாம். அதுவரைக்கும் புள்ளைக்குச் சத்தம் இல்ல." கணேஸ்வரன் கியரை மாற்றினார். "இப்பதான் பேச வந்திருக்கா. அவ பேசுற வீடியோ ஒன்னு தினேசு அனுப்பியிருந்தான், தீபாவளிக்கு. நான் உன்கிட்ட காட்டல."

"ஏன் காட்டல?"

"நீ அழுவே."

அவள் இப்போது அழுதாள். அவர் வண்டியை ஓட்டினார்.

*

கடையின் இரும்புக் கதவைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு எல்லாரும் குனிந்து நுழைந்தார்கள். கணேஸ்வரன் மேசை விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடியை இழுத்து வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேசையின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்துத்தான் கருவியை வைத்தார். வாடிக்கையாளர் போனுக்கு அவர் துணி விரித்துப் புனிதா பார்த்ததில்லை.

கம்பியைப் பிரித்துத் தனியே வைத்தார். பேட்டரிக் கூட்டைக் கவிழ்த்ததும் மூன்று சொட்டு மஞ்சள் தண்ணீர் துணியில் விழுந்து பரவியது. பேட்டரி தொடும் உலோகப் பட்டைகளை மட்டும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தார். பிறகு மேல்புறம் இருந்த இரண்டு குண்டூசித் துளைகளைக் கண்ணாடியில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது என்னம்மா, மைக்கா?"

"ஆமா மாமா. சத்தம் அது வழியாத்தான் உள்ள போவுது."

"தவிடும் தண்ணியும் சேந்து மாவாட்டம் அடைச்சிருக்கு."

காய்ந்த மென்தூரிகையால் மேலாக நீவினார். கொஞ்சம் வந்தது. மீதி வரவில்லை. அவர் கை தானாகவே ஊசிகள் குத்தி வைத்திருந்த ரப்பர்த் துண்டின் பக்கம் போயிற்று. பாதியில் நின்றது.

"எடுங்கண்ணே," என்றான் தினேஸ்வரன்.

"வேணாம்."

"ஊசிய வெச்சு நெம்புனா வந்துரும்லா?"

"வந்துரும். உள்ள இருக்கிற சவ்வும் சேந்து வந்துரும். போனுன்னா நான் தொறந்து, கழுவி, மறுபடியும் மாட்டிருவேன். பத்துல ஏழு பொழைக்கும். இது புள்ளையோட காது. எனக்குத் தெரியாத எடத்துல நான் கைய வெக்க மாட்டேன்."

இருபது வருடம் தொழில் செய்தவருக்கு, தம்பி குடும்பத்தின் முன்னால், எனக்குத் தெரியாது என்று சொல்வது சுலபமில்லை. கணேஸ்வரன் சொன்னார். ஊசியை எடுக்காத அந்தக் கைக்குப் புனிதா மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

பவானேஸ்வரி மருத்துவமனைச் செவிப்புலப் பிரிவில் கிஷாலினியைப் பார்க்கும் நூருல் அம்மையாருக்குப் படத்தோடு செய்தி அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் அரைமணி நேரத்தில் பதில் வந்தது. பவானேஸ்வரி அதைத் தமிழில் படித்துச் சொன்னாள்: "நல்லாக் காயற வரைக்கும் பேட்டரி போடாதீங்க. ஹேர்டிரையர் வேணாம். வெயில்ல வெக்காதீங்க. நாளைக்குக் காலை வரைக்கும் ஒணர்த்துங்க. எட்டரைக்குக் கிளினிக் தொறந்ததும் கொண்டாங்க, நான் பாக்குறேன்."

"நான் சொன்னதையேதான் சொல்றாங்க," என்றார் கணேஸ்வரன், கொஞ்சம் நிமிர்ந்து.

"நீங்க வெயில சொல்லலையே மாமா."

"சொல்ல வந்தேன்."

காலையிலிருந்து முதல்முறையாகப் பவானேஸ்வரியின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

கண்ணாடிப் பெட்டி ஒன்றில் நீல நிற மணிகளைப் பரப்பி, அதன் மேல் சிறு வலைத்தட்டை வைத்து, கருவியையும் கம்பியையும் அதில் கிடத்தி மூடினார் கணேஸ்வரன். அந்த மணிகள் ஈரத்தைக் குடிக்கக் குடிக்க இளஞ்சிவப்பாகும். சிவந்ததும் வேறு மணி போட வேண்டும். போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களின் போன்கள் பதினெட்டு அந்தப் பெட்டியில் கிடந்திருக்கின்றன.

"நாளைக்குக் காலை வரைக்கும் இதைத் தொறக்கக் கூடாது. பொட்டிய வீட்டுக்குக் கொண்டு போறேன். நீங்களும் வீட்டுக்கு வாங்க," என்றார்.

தினேஸ்வரன் வாசலைப் பார்த்தான்.

"நாங்க இங்கயே கடையில இருந்துக்குறோம்ணே."

"இங்க பாயுமில்ல, பாத்ரூமுமில்ல. புள்ளைக்கு மஞ்சத்தண்ணி காஞ்சு அரிக்குது பாரு. வாடா."

அவன் வந்தான். வரும்போதும் புனிதாவின் பக்கம் பார்க்கவில்லை. "சீப்பு, துணி இருந்தாக் குடுக்கச் சொல்லு," என்று அவள் காதில் விழும்படி மனைவியிடம் சொன்னான்.

*

தாமான் குடியிருப்பில் இருந்த வீட்டில், பினாங்கில் படிக்கும் மகன் புவனேஷின் அறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தாள் புனிதா. பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் வைத்தாள். மஞ்சள் நெற்றியோரம் போகவே இல்லை.

சமையலறையில் சோறு பிசைந்துகொண்டே, "கிஷா, சாப்பிட வாம்மா," என்று கூப்பிட்டாள். கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளை அசையவில்லை. "கிஷாம்மா," என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பவானேஸ்வரி அருகில் வந்தாள். "பின்னால இருந்து கூப்புடாதீங்கக்கா. முன்னால போங்க. குனிஞ்சு அவ மொகத்துக்கு நேரா உங்க மொகத்த வெச்சுப் பேசுங்க. வெளக்கு உங்க மொகத்துல விழணும்."

புனிதா தட்டோடு போய்ப் பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கிஷாலினி நிமிர்ந்து பார்த்தாள்.

"சாப்பிடலாமா?"

பிள்ளை அவள் உதட்டையே பார்த்தாள். தலையாட்டினாள். தட்டைப் பார்த்துவிட்டு, "முட்ட?" என்றாள். குரல் கொஞ்சம் மூக்கால் வந்தது; சொல் தெளிவாக இருந்தது.

பிள்ளை பேசிப் புனிதா நேரில் கேட்ட முதல் சொல் அது. முட்டை.

ஓடிப்போய்ப் பொரித்துக்கொண்டு வந்தாள்.

சாப்பிட்டு முடித்துப் பிள்ளை தூங்கிப் போனாள். சுற்றிலும் எவ்வளவு சத்தமிருந்தாலும் தூங்கலாம், அவளுக்கு அன்று அந்த வசதி இருந்தது. இரண்டு பெண்களும் சமையல்கட்டில் பாத்திரம் கழுவினார்கள். ஒருத்தி கழுவ, ஒருத்தி துடைத்தாள்.

"ஏன்க்கா செஞ்சீங்க?" என்றாள் பவானேஸ்வரி. கோபமில்லாமல்தான் கேட்டாள். "வெளையாட்டுன்னாப் பெரியவங்க மேல ஊத்துவாங்க. நீங்க கர்ப்பகிருகத்துக்கு முன்னால இருந்து கொடத்தத் தூக்கிட்டு நேரா அவகிட்டதான் வந்தீங்க. நான் பாத்தேன்."

புனிதா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வேண்டுதல்."

"யாருக்கு?"

"கிஷாவுக்கு. ஆப்பரேஷன் அன்னைக்கு நான் ரெம்பியா கோயில்லதான் இருந்தேன். காலைல நீங்க உள்ள கொண்டு போனதுல இருந்து மத்தியானம் அவருக்குத் தினேசு போன் போட்டது வரைக்கும். வேணாம்னு சொன்ன வாய்தான். ஆனா புள்ளைய உள்ள கொண்டு போயிட்டாங்கன்னு தெரிஞ்சதும் மனசு கேக்கல. தாயே, இவ நல்லபடியா எந்திரிச்சு வந்தா, உன் மஞ்சத்தண்ணிய என் கையால அவ தலையில ஊத்துறேன்னு வேண்டிக்கிட்டேன். மூணு திருவிழா போச்சு. நீங்க வரல. இன்னைக்குப் பாத்ததும்..." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கண்ணுல வேற ஒன்னுமே படல பவானி. காதுல இருந்தது நெஜமா என் கண்ணுல படல."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பவானேஸ்வரி அதை இறுக்கி மூடினாள்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே கழட்டி வெச்சிட்டு, புள்ளையத் தூக்கி உங்க முன்னால நிறுத்தியிருப்பேனே அக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். துண்டை எடுத்துக் கிண்ணத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

கேட்க வேண்டிய ஒரு வார்த்தை. மூன்று வருடத்துக்கு முன்பு கூடத்தில் அத்தனை பேர் முன்னால் வாயைத் திறப்பதற்கு முன்பும், 'டாக்டர் என்ன சொன்னாங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அம்மன் மனிதருக்கு அன்பைக் கொடுத்தபோது வாயையும் கூடவே கொடுத்திருக்கிறாள். ஊற்றுவதற்கு முன்னால் கேட்பதற்காகத்தான். அன்று மாலை விளக்கேற்றும்போது புனிதா தனக்கென்று ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. பெட்டியிலிருந்த மணிகள் பாதி சிவந்திருந்தன. கணேஸ்வரன் வேறு மணி மாற்றினார். இரவு எல்லாரும் அவரவர் இடத்தில் படுத்தார்கள்.

*

காலை ஏழு மணிக்கு மணிகள் நீலமாகவே இருந்தன. அதற்கு மேல் குடிக்க அவற்றுக்கு ஈரம் கிடைக்கவில்லை.

கணேஸ்வரன் பெட்டியைத் திறந்து, பேட்டரிக் கூட்டை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கருவியைப் பவானேஸ்வரியிடம் கொடுத்தார். பேட்டரி போடும் உரிமை அவளுக்குத்தான் என்பதுபோல் எல்லாரும் ஓரடி தள்ளி நின்றார்கள். பேட்டரி ஒரு முறை கீழே விழுந்து உருண்டது. தினேஸ்வரன் எடுத்துக் கொடுத்தான்.

மூடியைத் தள்ளினாள். பச்சை விளக்கு ஒன்று மினுக்கியது.

"முருகா," என்றார் கணேஸ்வரன்.

கம்பியைப் பொருத்திக் கருவியைக் காதில் மாட்டி, வட்டத்தைத் தலையில் ஒட்டியதும், கிஷாலினி கண்ணை அகல விரித்தாள். வெளியே ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். பிள்ளை வாசலை நோக்கித் திரும்பினாள்.

"ரொட்டி!"

கணேஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தார். தினேஸ்வரன் சுவரில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். புனிதா பூஜை அறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "பசியாறிட்டுப் போவலாம். தோச ஊத்துறேன்," என்றாள்.

"இருங்கக்கா," என்றாள் பவானேஸ்வரி. "இன்னும் முடியல. ஹாரன் பெரிய சத்தம். அது கேட்டுரும்."

தினமும் காலையில் கருவியை மாட்டியதும் அவள் ஆறு சத்தங்களைச் சொல்லுவாள். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். அம்மா சொல்வதைப் பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். பேச்சில் வரும் கனத்த ஒலியிலிருந்து கீச்சென்ற ஒலி வரைக்கும் அந்த ஆறுக்குள் அடங்கும் என்று கிளினிக்கில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆறும் கேட்டால்தான் கருவி சரி.

"நீங்க சொல்லுங்கக்கா."

"நானா?"

"என் கொரல் அவளுக்குப் பழகிப் போச்சு. நான் மூச்சு விட்டாலே கண்டுபுடிச்சிருவா. புதுக் கொரலா இருந்தாத்தான் உண்மை தெரியும். வாய இந்தக் காகிதத்தால மறைச்சுக்குங்க. இல்லன்னா உதட்டப் பாத்தே சொல்லிருவா, கெட்டிக்காரி."

புனிதா பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தாள். நேற்று முழுவதும் முகத்தைக் காட்டப் பழகியவள் இப்போது காகிதத்தைத் தூக்கி மூக்குக்குக் கீழே மறைத்துக்கொண்டாள்.

"ஆ."

"ஆ," என்றாள் கிஷாலினி உடனே.

"ஊ."

"ஊ."

"ஈ."

"ஈ!" விளையாட்டு அவளுக்குப் பிடித்துவிட்டது. முழங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ம்."

"ம்ம்ம்."

கணேஸ்வரன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஷ்."

பிள்ளை காத்திருந்தாள்.

"ஷ்," என்றாள் புனிதா மறுபடியும்.

கிஷாலினி பெரியம்மாவின் கண்ணைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். இவள் ஏன் சொல்லாமல் இருக்கிறாள் என்பதுபோல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஸ்."

கூடத்தில் வேறு சத்தமே இல்லை. பிள்ளைக்குத் தன்னிடம் ஏதோ கேட்கப்படுகிறது என்று மட்டும் புரிந்தது. எல்லார் முகமும் மாறுவதைப் பார்த்தாள். பெரியம்மாவைச் சந்தோஷப்படுத்திவிட வேண்டும் என்று, "ம்?" என்று ஒரு சத்தத்தைத் தானாகவே சொல்லிப் பார்த்தாள். சரியா என்று கேட்கும் கண்.

காகிதத்தை ஓர் அங்குலம் இறக்கினால் போதும். பல்லைக் கடித்து உதட்டை விரித்திருப்பதைப் பார்த்ததும் கெட்டிக்காரி 'ஸ்' என்று சொல்லிவிடுவாள். ஆறும் சரி என்றாகிவிடும். கணேஸ்வரன் மறுபடி சிரிப்பார். தினேஸ்வரன் தோசை சாப்பிடுவான். மூன்று வருடம் கழித்து ஒன்றாகச் சேர்ந்த வீடு ஒன்றாகவே உட்கார்ந்து பசியாறும். நடந்ததை எல்லாரும் மறந்துவிடுவார்கள். யாருக்கும் தெரியப் போவதில்லை.

காகிதத்தைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. தளர்ந்ததைப் புனிதாவே உணர்ந்தாள்.

எதிரே பிள்ளை முழுதாக நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புனிதா காகிதத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மறைவு விலகாமல், கடைசியாக ஒரு முறை, நிதானமாக, "ஸ்," என்றாள்.

பதில் இல்லை.

பிறகுதான் காகிதத்தை மடியில் வைத்தாள்.

"கேக்கல," என்றாள். "ஷ்ஷும் கேக்கல, ஸ்ஸும் கேக்கல பவானி. மைக்குல நான் போட்ட அரிசி இருக்கு."

பவானேஸ்வரி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கணேஸ்வரன் பழைய பேட்டரி வைத்திருந்த சிறு டப்பாவை மூடினார். சுவரில் சாய்ந்திருந்த தினேஸ்வரன் நிமிர்ந்து, மேசையிலிருந்த கார் சாவியை எடுத்தான். வாசல் வரை போனவன் நின்றான்.

"அண்ணி."

மூன்று வருடமாக அவள் கேட்காத சத்தம். புனிதா எழுந்து நின்றாள்.

"எட்டரைக்குக் கிளினிக் தொறந்துருவாங்க. எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க. தண்ணி எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு, அரிசியில எவ்வளவு நேரம் கெடந்துச்சு, ஒன்னு விடாம சொல்லணும்." அவன் அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசினான். "நான் சொன்னா கோவத்துல கூட்டிச் சொல்லுவேன். பவானி சொன்னா உங்களுக்காகக் கொறச்சுச் சொல்லுவா. நீங்க வந்து சொல்லுங்க."

அந்தக் குரலில் மன்னிப்பு இருந்ததா, தண்டனை இருந்ததா என்று புனிதாவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நூருல் அம்மையார் கருவியைப் பார்த்து என்ன சொல்வார் என்பதும் தெரியவில்லை. டீக்கு வைத்திருந்த அடுப்பை அணைத்தாள். மஞ்சள் கறை படிந்த நேற்றைய புடவையை மாற்றக்கூட நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய், காரின் பின்கதவுக்கு அருகில் நின்றாள்.

"நான் இங்க ஏறவா தம்பி?" என்று கேட்டாள்.

தினேஸ்வரன் இன்ஜினைக் கிளப்பினான். உள்ளே உட்கார்ந்திருந்த கிஷாலினி நகர்ந்து இடம் விட்டாள்.